காரைவிடப் பெரிய நிழல்

எங்கள் தெருவில் ஒரு காரின் நிழல் பெரிதாகிப்போன கதையை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், கோயில் பக்கத்துக்காரர்கள் அம்மன் செயல் என்கிறார்கள், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக்காரர்கள் பெயிண்டில் ஏதோ கோளாறு என்கிறார்கள், இரண்டு கூட்டமும் வெயிலுக்கு ஒதுங்க வந்தவர்களே தவிரக் காருக்குச் சொந்தக்காரர்கள் இல்லை, ஆகவே என் கார், என் வாசல், என் ஈரத்துணி என்ற உரிமையில் நானே சொல்லிவிடுகிறேன்.

ஈரத்துணியில்தான் ஆரம்பித்தது. சித்திரை மாதத்தில் எங்கள் பேராவூரணிப் பக்கத்து வெயிலில் ஈரத்துணியை உதறும்போதே பாதி காய்ந்துவிடும், அப்படிப்பட்ட வெயிலில் காலையில் வாசல் கொடியில் போட்ட போர்வை, மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகும் பிழியப் பிழியத் தண்ணீர் விட்டது. நிமிர்ந்து பார்த்தால் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது, எதிர்வீட்டுக் குழாயின் நிழல் குழாய்க்கு அடியிலேயே ஒடுங்கிக் கிடக்கிறது, எங்கள் காரின் நிழல் மட்டும் காரை விட்டு இறங்கி, சாக்கடையைத் தாண்டி, தெருவின் குறுக்கே நீளப் படுத்து, எதிர்வீட்டுச் சுவரில் பாதி ஏறி, இந்தப் பக்கம் என் கொடியையும் வளைத்துப் போட்டிருந்தது. கான்வென்டில் ஞானசீலி சிஸ்டர் மெழுகுவத்தியும் பந்தும் வைத்து நிழலுக்கென்றே ஒரு பாடம் நடத்தியிருக்கிறார், கருநிழலான அம்ப்ரா எது, புறநிழலான பெனம்ப்ரா எது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், ஆனால் பந்தைவிட்டு எழுந்து நடந்துபோகும் நிழலைப் பற்றி சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை.

நான் பயப்படவில்லை. குடையை விரித்துப் பிடித்துப் பார்த்தேன், அதன் நிழல் குடை அளவுக்கே விழுந்தது. கார்க் கதவுகளைத் திறந்தேன், பெரிய நிழல் அசையவில்லை. பிறகு மாடியில் ஏறி நின்று பார்த்தபோதுதான் அது ஒரு காரின் நிழல் இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கார்களின் நிழல் என்று தெரிந்தது, மேலே இருந்ததன் கூரையில் கேரியர் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. அந்த வளைவு எனக்குத் தெரியும். அது எங்கள் பழைய கார், சபரிமலைக்குப் போன இடத்தில் வளைந்த கேரியர். புதுக் கார் வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிவிட்ட கார்.

என் வீட்டுக்காரர் நீலமேகம் கொப்பரை வியாபாரி, நல்ல மனுஷர், யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறவர். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தவரை எழுப்பினேன்.

"ஏங்க, பழைய வண்டிய யாருகிட்ட குடுத்தீங்க?"

"ஷோரூம்லதான். அவங்க எடுத்துக்கிட்டாங்கல்ல."

"வண்டிய எடுத்துக்கிட்டாங்க. அதுமேல இருந்த கடன?"

அவர் துண்டை எடுத்து உதறி மடிக்க ஆரம்பித்தார். நீலமேகம் துண்டை மடித்தால் எங்கேயோ சறுக்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

"அந்தப் பாக்கிய இந்த வண்டிக் கடனோட சேத்துட்டாங்க ஹேமா. தம்பிங்க நல்ல பசங்க. காபியெல்லாம் குடுத்தாங்க."

"ஆக, இல்லாத காருக்கும் சேத்து மாசாமாசம் கட்டிக்கிட்டு இருக்கோம்."

"அப்படிச் சொன்னா ஒரு மாதிரி இருக்கு."

"வேற எப்படிச் சொன்னா நல்லா இருக்கும்னு யோசிச்சு வைங்க. நான் போர்வைய மாடியில போட்டுட்டு வர்றேன்."

நிழலுக்குக் காரணம் அவ்வளவுதான், அதற்குமேல் தோண்ட ஒன்றும் இல்லை. கார் வருஷா வருஷம் விலை இறங்கியது, கடன் இறங்க மனமில்லாமல் மேலேயே நின்றது, வித்தியாசம் தெருவில் விழுந்தது. ஆனால் தெரு அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் சொல்ல வேண்டிய கதை, ஏனென்றால் எங்கள் ஊரில் நிழல் என்பது சாதாரணச் சரக்கு இல்லை. கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னையையெல்லாம் படுக்க வைத்துவிட்டுப் போனபோது, தெருவில் நின்ற வேம்பையும் புங்கையையும் பாதாம் மரத்தையும் விட்டுவைக்கவில்லை, அதற்குப் பிறகு எங்கள் தெரு உரித்த கோழி மாதிரிதான் கிடந்தது.

முதலில் நாய்கள் வந்தன. நாய்களைப் பார்த்து ஆடுகள் வந்தன, ஆடுகளைத் தேடிக்கொண்டு ஆட்டுக்காரர்கள் வந்தார்கள், வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்களுக்குத் தாகம் எடுக்கும் என்று கணக்குப் பண்ணி அஞ்சம்மாள் கூடையோடு வந்தாள். அஞ்சம்மாள் பஸ் ஸ்டாண்டில் தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும் விற்றவள், எங்கள் பின்பக்கச் சக்கரத்துக்கு நேராக இருந்த இடம்தான் ஆகக் குளுமை என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்து அங்கே சாக்கை விரித்துவிட்டாள். பின்னாலேயே ஆட்டோக்கள் ஸ்டாண்டை மாற்றிக்கொண்டு வந்தன, இஸ்திரி வண்டி வந்தது, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குத் தாய்மார்கள் வந்தார்கள், சீட்டாடுகிறவர்கள் வந்தார்கள், சீட்டாடுகிறவர்களைத் திட்டுவதற்கென்று அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்து, வந்த இடத்தில் காற்று நன்றாக இருக்கிறதே என்று அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். வைகாசிக்குள் யார் இடம் யாருடையது என்று சண்டை போடுகிற அளவுக்கு அது பழசாகிவிட்டது. பொது வழியில் இது ஆக்கிரமிப்பா என்று பார்க்கப் பேரூராட்சியிலிருந்து இரண்டு பேர் டேப்போடு வந்தார்கள், ஒரு முனையைப் பிடிக்க உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டார், இன்னொருவர் நுங்கு தின்றுவிட்டு, நிழலுக்கு விதி எதுவும் இல்லை என்று சொல்லிப் போனார்.

யாரும் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. "இன்னிக்கு வண்டிய எடுக்க மாட்டீங்கல்ல அக்கா?" என்று மட்டும் தினம் கேட்டார்கள்.

எடுக்க முடியாது என்பதுதான் எங்கள் வயிற்றெரிச்சல். நீலமேகம் காரைக் கொப்பரைக் களத்துக்கு எடுத்துப் போனால் களம் முழுக்க நிழல் விழுந்துவிடும், வெயிலில் காய வேண்டிய கொப்பரை இரண்டாம் நாளே பூஞ்சை பிடித்துவிடும், பக்கத்துக் களத்துக்காரர்கள் கும்பிட்டு, "அண்ணே, வண்டிய அங்கிட்டுக் கொண்டுபோய் விடுங்கண்ணே, எங்க பொழப்பு சரக்குதான்" என்று சொல்லிவிட்டார்கள். எந்த வியாபாரத்தில் சம்பாதித்துக் கடன் கட்ட வேண்டுமோ அந்த வியாபாரத்தையே கடன் மூடிக்கொண்டு நின்றது. இவர் சைக்கிளில் களத்துக்குப் போனார், கார் வாசலில் ஊருக்குக் குடை பிடித்தது, தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது, அதோடு ஜெபராஜும் வந்தான்.

ஜெபராஜ் பைனான்ஸ் கம்பெனியிலிருந்து வசூலுக்கு வருகிறவன். மிரட்டுவதற்கென்று வைத்திருந்த குரலில், நிழலின் குளுமையில் நின்று மிரட்ட முடியாமல் வெயிலில் போய் நின்று மிரட்டிவிட்டு, மறுபடி நிழலுக்கு வந்து மோர் வாங்கிக் குடிப்பான்.

"மேடம், வண்டிய நாங்களே எடுத்துக்கிட்டு ஏலம் விட்டாலும் பாதிக் கடன்தான் அடையும். மீதிக்கு உங்களத்தான் கேப்போம்."

"வண்டிய நீங்க வச்சுக்குவீங்க, கடன நாங்க வச்சுக்கணும். உங்க கம்பெனியில கூட்டல் கழித்தலெல்லாம் யார் சொல்லிக் குடுக்குறா?"

"அக்ரிமெண்டுல இருக்கு மேடம்."

அவன் சொன்னதை நான் நம்பவில்லை, அதனால் பட்டுக்கோட்டை புரோக்கர் காசிம் பாயை வரச்சொன்னேன். பாய் காரை மூன்று தடவை சுற்றினார், பானெட்டைத் தட்டினார், எஞ்சினுக்குக் காது கொடுத்தார், விலை சொன்னார், அது கடனில் பாதியைத்தான் தொட்டது. "ஓட்டிப் பார்த்துர்றேன் தங்கச்சி" என்று சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். கார் தெருமுனை வரை போனது, தனக்கு உரிய சின்ன நிழலை மட்டும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு திரும்பி மறைந்தது. நீலமேகம் ஓட்டினால் கூடவே போகிற மீதி நிழல், கடனில் பங்கில்லாதவர் ஓட்டியதால் அங்கேயே கிடந்தது. மேலே ஒன்றுமே இல்லாமல், வெறும் தெருவில், வளைந்த கேரியரோடு.

தெருவே எழுந்து நின்று பார்த்துவிட்டு, சந்தோஷமாக மறுபடி உட்கார்ந்தது. "பாத்தியா, வண்டி போனாலும் இது போகாது" என்று அஞ்சம்மாள் நுங்கைச் சீவிக்கொண்டே சொன்னாள். காரும் இல்லாமல் கடன் மட்டும் வாசலில் படுத்திருக்கப் போகிறது என்பதை ஜெபராஜ் வாயால் சொன்னபோது நம்பாதவள் கண்ணால் பார்த்துவிட்டேன். காசிம் பாய் திரும்பி வந்து சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "அத அடைச்சிட்டுக் கூப்பிடும்மா, மறுநாளே வந்து எடுத்துக்கிறேன்" என்றார்.

அன்றைக்குத்தான் நீலமேகம் தோப்பை விற்றுவிடலாம் என்றார்.

தோப்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, புயலில் நூறு வருஷத்து மரமெல்லாம் போன இடத்தில் நாங்கள் வைத்த கன்றுகள். வேலைக்கு ஆள் கிடைக்காத அந்த வருஷத்தில், கைப்பை தவிர வேறெதையும் தூக்கிப் பழகாத நான் குடத்தைத் தூக்கித் தண்ணீர் ஊற்றிய கன்றுகள். இந்தப் பங்குனியில்தான் முதல் பாளை விட்டிருந்தது.

"காய்க்கிற நேரத்துல வித்தாத்தான் நல்ல விலை போகும்" என்றார்.

"நல்ல விலைக்குப் போறதுக்கு அது எக்ஸ்சேஞ்சு காரு இல்ல. வேற வழி சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் வேறு வழி என்றால் ஒன்றுதான், மொய் விருந்து. ஆடி மாதம் பிறந்துவிட்டால் பத்திரிகை அடித்து, மைக் செட் கட்டி, ஆடு அடித்து, ஊரையே கூப்பிட்டுக் கறிச்சோறு போடுவார்கள், சாப்பிட்டவர்கள் கை கழுவிவிட்டு மேசைக்கு வந்து மொய் எழுதுவார்கள், எழுதியவர்கள் வீட்டில் விருந்து வரும்போது வாங்கியதைத் திருப்பி எழுத வேண்டும், அதற்குமேல் கொஞ்சம் கூட்டியும் எழுத வேண்டும், கூட்டி எழுதாவிட்டால் உறவை முறித்துக்கொண்டதாக அர்த்தம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் இதைப் பார்த்து முகம் சுளித்தவள். எலும்பைக் கடித்த வாயோடு கடன் கொடுக்கிறார்கள் என்று சொன்னவள். அதே நான் சோமு வாத்தியார் வீட்டுக்குப் போய், முறை என்ன என்று கேட்டேன், ஊரில் எல்லா விருந்துக்கும் மேசையில் உட்கார்ந்து மொய் எழுதுகிறவர் அவர்தான்.

"நீலமேகம் பேர்ல இப்ப முடியாதும்மா. அண்ணந்தம்பியெல்லாம் சேந்து ஒரு முறை வச்சு வாங்கிட்டாங்க. அதத் திருப்பி எழுதி முடிச்சதே போன வருஷந்தான்."

"அப்ப என் பேர்ல போடுங்க."

"தனியா பொம்பளை பேர்லயா?"

"வாங்குறவ திருப்பித் தருவாளான்னுதானே பாக்கணும். புடவை கட்டியிருக்காளான்னு பாக்குறதுக்கு இது ஜவுளிக்கடையா?"

வாத்தியார் பத்திரிகைக்கு வாசகம் எழுதக் கண்ணாடியைத் தேடினார்.

மண்டபத்துக்கும் பந்தலுக்கும் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை, வாசலில் அவ்வளவு பெரிய நிழலைச் சும்மா போட்டுவைத்துக்கொண்டு யாராவது கீற்றுக்குக் காசு கொடுப்பார்களா. தெருவிலேயே நிழலில் பந்திக்கு இடம் போட்டோம், கார் கதவோரம் மேசை, நான் வாசலில் நின்று கைகூப்பினேன். முதல் பந்தி குளுகுளுவென்று சாப்பிட்டு எழுந்தது. எழுந்தவர்கள் மொய் எழுத எழுத, எதிர்வீட்டுச் சுவரில் ஏறியிருந்த நிழல் இறங்கியது, அடுத்தவர்கள் எழுத அது சாக்கடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது, மூன்றாம் பந்தியில் கடைசி வரிசைக்காரர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு நிழலைத் துரத்தி நகர்ந்து நகர்ந்து சாப்பிட்டார்கள், நாலாம் பந்தி வியர்வையைக் குழம்பில் சொட்டவிட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தது. வளைந்த கேரியர் முதலில் மங்கியது, பிறகு பழைய காரின் முகம், பிறகு சக்கரங்கள். யோசித்துப் பார்த்தால் இதெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம், கடனை அடைப்பதற்கு வைத்த விருந்தைக் கடனுக்கு அடியிலேயே வைத்தால் வேறு என்ன நடக்கும், ஆனால் கீற்றுச் செலவு மிச்சம் என்ற கெட்டிக்காரத்தனம் என் கண்ணை மறைத்துவிட்டது.

அஞ்சம்மாளின் கூடைமேல் வெயில் விழுந்ததும் அவள் எழுந்து நேராக மேசைக்கு வந்து, வாத்தியார் கையிலிருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"வாத்தியாரே, பேனாவ மூடுங்க. யாரும் இனிமே எழுத வேண்டாம்."

தெருவில் இருந்தவர்கள் அவள் பின்னால் வந்து நின்றார்கள், ஆட்டோக்காரர்கள், இஸ்திரி வண்டிக்காரர், சீட்டுக்காரர்கள், எல்லாரும் என் கறிச்சோறு தின்ற ஆட்கள்.

"அஞ்சம், கைய எடு. இன்னிக்கு அடைக்கலேன்னா என் தோப்பு போயிடும்."

"உனக்குத் தோப்பு இருக்குக்கா, போகுதுங்கற. எனக்குத் தோப்பே இதுதான். இத அடைச்சிட்டீன்னா நான் மறுபடி பஸ் ஸ்டாண்டு வெயில்ல போய் உக்காரணும். உன் கடன் இருந்தா உனக்கு என்னா, மாசாமாசம் கட்டுற. கட்டிக்கிட்டே இரேன்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது, என் தோப்பிலும் நியாயம் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் வாத்தியாரின் பேனா நின்றது. அப்போதுதான் என் உள்ளங்காலில் ஏதோ சில்லென்று இருந்தது, ரொம்ப நேரமாகவே இருந்திருக்கிறது, கும்பிட்டுக் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. வெயிலில் வந்து நின்றவர்கள் யாரும் வெயிலில் நிற்கவில்லை. அஞ்சம்மாள் கீழே பார்த்தாள், நானும் பார்த்தேன். என் காலிலிருந்து புறப்பட்ட நிழல், கொண்டையும் தோளுமாக, வாசற்படியில் இறங்கி, அவள் பின்னால் நின்ற அத்தனை பேரையும் மூடி, தெருவின் பாதிக்கு விரிந்து கிடந்தது.

அஞ்சம்மாள் பேனாவை விட்டாள். என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"அது எங்கயும் போகல வாத்தியாரே. ஆள் மாறியிருக்கு. இதுக்குக் காலு முளைச்சிருக்கு, அம்புட்டுதான்."

பிறகு இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, தன் பெயரைச் சொல்லி மொய் எழுதினாள். அவளைப் பார்த்து வரிசை மறுபடி நகர்ந்தது. வசூல் எவ்வளவு ஆகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஜெபராஜ், கறியை மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்ற கூச்சத்தில், தன் சொந்தப் பணத்தில் ஒரு தொகை எழுதிவிட்டு, கடன் பாக்கி மொத்தத்தையும் மறுநாள் கம்பெனிக்கு வாங்கிப் போனான். கடன் முடிந்தது. காசிம் பாய் சொன்னபடி வந்து காரை எடுத்துப் போனார், அது தன் நிழலை அடக்கமாக மடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பியது, இந்தத் தடவை தெருவில் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

தோப்பு எங்களிடமே இருக்கிறது, நீலமேகத்தின் கொப்பரை நன்றாகக் காய்கிறது, நான் மட்டும் களத்துப் பக்கம் போகக் கூடாது என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். துணி காயப்போட ஆள் வைத்திருக்கிறோம், நான் போட்டால் காய்வதில்லை. ஒரு கம்பெனிக்குக் கட்ட வேண்டியதை இப்போது ஊரில் பாதிப் பேருக்குக் கட்ட வேண்டும், அவரவர் வீட்டு விருந்து வரும்போது, அவரவர் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு. ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் யாரும் நிற்பதில்லை, என்னை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். "அக்கா, பெட்டிஷன் குடுக்கப் போறோம், சும்மா கூட வாங்க" என்று தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போகிறார்கள். வேலையற்றவளா நான், குடையா நான் என்று கேட்டிருக்கிறேன், கேட்டுக்கொண்டே போயிருக்கிறேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அஞ்சம்மாள் வந்து, "அக்கா, அரைமணி நேரம் நின்னுட்டுப் போயேன்" என்பாள், அடுப்பில் பால் இருக்கிறது என்பேன், "பால நான் போயி எறக்கி வச்சிட்டு வர்றேன், நீ அசையாம நில்லு" என்பாள்.

அடுத்த ஆடியில் அஞ்சம்மாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே விருந்து வைத்தாள், மகளை நர்சிங் சேர்க்க வேண்டும் என்று, தனியாக முடியாமல் இன்னும் நாலைந்து குடும்பத்தோடு கூட்டாக. நான் திருப்பி எழுத வேண்டிய முதல் மொய் அதுதான். சாப்பிட்டேன், கறியில் உப்புக் கொஞ்சம் தூக்கல், சொன்னேன். கை கழுவிவிட்டு முதல் ஆளாக மேசைக்குப் போனேன். அவள் எழுதிய தொகை அப்படியே கைப்பையில் தனியாக மடித்து வைத்திருந்தேன், வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தேன், ஒவ்வொன்றாக இப்படியே சரிக்குச் சரி வைத்து முறித்துக்கொண்டே போனால் சில வருஷத்தில் நான் என் அளவு நிழலோடு, யாருக்கும் பதில் சொல்லாமல் தெருவில் நடக்கலாம் என்று.

சோமு வாத்தியார் தலையைத் தூக்காமல் கேட்டார். "முறிச்சுக்கிறதா, கூட்டி எழுதி நடையில வைக்கிறதா?"

அஞ்சம்மாள் சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த பந்திக்குச் சோறு எடுக்கப் போனதால் என் நிழலை விட்டு வெளியே நிற்க வேண்டி வந்திருந்தது, அவளுடைய சொந்த நிழல் அவளைப் போலவே ஒல்லியாக, பாதத்துக்கடியில் ஒண்டிக்கொண்டிருந்தது. நான் கைப்பையின் அடுத்த அறையைத் திறந்தேன்.

"நடையில வைங்க. இதையும் சேத்து எழுதுங்க."

வாத்தியார் எழுதினார். என் நிழலின் ஒரு மூலை, கொண்டைப் பக்கம், சத்தமில்லாமல் என் பக்கம் சுருங்கியது. அஞ்சம்மாள் கரண்டியை வைத்துவிட்டு வேகமாக வந்தாள்.

"என்னாக்கா, கூட்டி எழுதியிருக்க. என்னையும் கடன்காரி ஆக்கிட்டியா?"

"ஆமா. அங்கிட்டுத் தள்ளி நில்லு, பாப்போம்."

அவள் இரண்டடி தள்ளி நின்றாள். அவள் பாதத்துக்கடியில் ஒண்டிக் கிடந்தது கொஞ்சம் யோசித்தது போல இருந்தது, பிறகு வெளியே வந்து, விருந்தன்றைக்கும் விடாமல் அவள் கொண்டுவந்து வைத்திருந்த வெள்ளரிக் கூடையை மூடி, அதற்கும் அப்பால் ஒரு கைநீளம் போய் நின்றது. பஸ்ஸுக்குக் காத்து நின்ற யாரோ ஒரு வெளியூர்ப் பெண் எங்கள் இருவரையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்து, பையை அந்தக் கைநீளத்தில் இறக்கி வைத்துவிட்டு, தலைமுக்காட்டை எடுத்தாள்.